அப்பா இன்னும் பழம் சாப்பிடவில்லை

வெள்ளி, காலை 7.30. சிரம்பானிலிருந்து மலாக்கா செல்லும் பேருந்து ஏழு மணிக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஏழரைக்குத்தான் புறப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டு ஆகப்போகிறது. பலகைக்கும் பேருந்துக்கும் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. முப்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். நடத்துநரிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னேன்.

"பலகையில ஏறி வர்றீங்களா, பஸ்ஸுல ஏறி வர்றீங்களா, அய்யா?" என்றார்.

பஸ்ஸில் ஏறினேன். ஐம்பத்திரண்டு மைல், கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு.

பயணத்துக்குக் காரணம் ஒரு கடிதம். என் கீழ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலாயுதத்தின் மனைவி கமலம் எழுதியிருந்தார். கணவருக்கு ஒரு மாதமாக ஈறில் ரத்தம் கசிகிறது, இரண்டு பற்கள் ஆடுகின்றன, கன்னமும் வீங்கியிருக்கிறது. காய்கறியும் பழமும் அன்றாடம் சாப்பிடாவிட்டால் பற்கள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் இரண்டையும் தொடுவதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார் என்று முடித்திருந்தார். அலுவலகத்தில் நான் சொன்ன எதையும் அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கிளம்பினேன்.

வழியில் தம்பின் ஊரில் பஸ் நின்றபோது ஒரு வெள்ளிக்கு முப்பது மங்குஸ்தீன் பழம் வாங்கினேன். மலாக்கா சேர்ந்தபோது இருபத்து நான்கு இருந்தன.

காலை 10.45. வேலாயுதத்தின் வீடு இருக்கும் காஜா பெராங்குக்கு டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஐம்பது காசு. வேலாயுதம் மலாக்காச் செட்டி. பல தலைமுறைக்கு முன் வணிகம் செய்ய வந்த தமிழர்கள் இவ்வூர்ப் பெண்களை மணந்து உண்டான குடும்பங்கள் இவை. பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மன், வீட்டுப் பேச்சு மலாய். நாங்கள் பேசியதும் மலாயில்தான். இங்கே என் தமிழில் தருகிறேன்.

வாசலிலேயே ஒரு மங்குஸ்தீனை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிளந்து, வேலாயுதத்திடம் நீட்டினேன். "மருந்து" என்றேன்.

அவர் வாங்கவில்லை. கமலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பாவுக்கு இன்னும் கொடுக்கலை, சீஃப்" என்றார் வேலாயுதம்.

அவருடைய அப்பா இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. பிறகுதான் விளங்கியது. பழக்காலம் வந்ததும் முன்னோருக்குப் பழங்களும் சோறும் படைப்பார்கள். அதற்குப் பர்ச்சு என்று பெயர். அது முடியும்வரை இந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் புதுப் பழம் தொடுவதில்லை. சாம்பிராணி போட வேண்டியவர் மூத்த மகன். அந்த மூத்த மகன், ஆறுமுகம், சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டுக்குத் தகரக் கூரை போடுவதா, பழையபடி அத்தாப்பு ஓலையே வேய்வதா என்று தம்பி வேலாயுதத்தோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர், ஓராண்டாக வரவில்லை. கொல்லையில் ரம்புத்தான் பழம் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தம்பியின் ஈறு கசிந்துகொண்டிருந்தது.

"சரி, காய்கறிக்கு என்ன தடை?"

"அது தடை இல்லை. எனக்குப் பிடிக்காது" என்றார், கண்ணியமாக.

மதியம் பார்த்தேன். மீன் குழம்பில் கமலம் ஒளித்து வைத்த கத்திரிக்காயை, அலுவலகத்தில் தபால் பிரித்த அதே கவனத்தோடு தட்டின் ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் அதிகாரி வராவிட்டால் அடுத்தவர் பொறுப்பேற்க விதி இருக்கிறது. ஆனால் முதலில் அறிவிப்பு தர வேண்டும். பிற்பகல் தபால் நிலையம் போய் ஆறுமுகத்துக்குத் தந்தி கொடுத்தேன்: "பழம் உதிர்கிறது. தம்பிக்கு உடல்நலமில்லை. ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குள் வராவிடில் இளையவர் பொறுப்பேற்பார்." வேலாயுதம் கூடவே வந்தார். தடுக்கவில்லை. திரும்பும் வழியில் மட்டும், "அபாங் இல்லாம நான் போட்டா, அப்பா யாரு போட்டதுன்னு கேட்பாரே" என்றார். அபாங் என்றால் அண்ணன். பல்லைவிட அதுதான் அவருக்குப் பெரிய கவலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு, பகல் 11.50. வாழையிலையில் டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், தேங்காய்ப்பால் சோறு எல்லாம் அப்பாவின் படத்துக்கு முன் தயார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேலாயுதம் சாம்பிராணிக் கிண்ணத்தைப் பார்த்தார், தொடவில்லை.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிரைஷா வந்து நின்றது. மடியில் பலாப்பழத்தோடு ஒரு பெரியவர்.

"எவன்டா தந்தி எழுதினது? கவர்னர் எழுதின மாதிரி இருக்கு!"

"நான்தான்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"தகரம். உள்ள வேகலை?"

"வேகுது, அபாங்" என்றார் வேலாயுதம்.

அண்ணன் சாம்பிராணி போட்டார். படையலை மறைத்துத் திரையை இழுத்துவிட்டு, அப்பா சாப்பிட நேரம் கொடுத்து, எல்லோரும் வெளியே நின்றோம்.

"நீ பழம் சாப்பிட்டியா?" என்று அண்ணன் கேட்டார்.

"எப்படிச் சாப்பிடறது? நீங்க?"

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, மூச்சு விடாமல் பத்தொன்பது மங்குஸ்தீன் தின்றார். அதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை நான் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை.

படைத்ததை மிச்சம் வைக்கக் கூடாதாம். கமலம் அந்த இலையில் ஒரு குவியல் கங்கோங் கீரையும் வைத்திருந்தார்.

"அப்பா எப்பக் கீரை சாப்பிட்டாரு?" என்றார் வேலாயுதம்.

"மாமாவுக்கு உயிராச்சே" என்றார் கமலம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

வேலாயுதம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கமலத்தைப் பார்த்தார். பிறகு தம்பியின் கன்னத்து வீக்கத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டாரு. தினமும். நீ அப்பச் சின்னப் பையன். தின்னு."

தின்றார். நாளையிலிருந்து அப்பாவுக்குப் பிடித்த காய்கறிகள் மேலும் பல வெளிவரும் என்று கமலத்தின் முகம் சொன்னது.

மாலை 4.00. திரும்பும் பஸ். கமலம் ஒரு பை மங்குஸ்தீன் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டிலும் மேசையில் எப்போதும் பழம் இருக்கிறது. யாருக்கும் தடையில்லை, யாரும் தின்பதுமில்லை. வாங்குகிறேன், கறுக்கிறது, எறிகிறோம்.

பழக்கத்தில் ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். அழுத்தும் முன், என் அப்பாவுக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று யோசித்தேன். தம்பின் போயிற்று, ரெம்பாவ் போயிற்று. சிரம்பான் வரும்வரை நினைவுக்கு வரவில்லை.

பழத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.