ஆயில் குச்சியில் இரண்டு கோடு

மகள் சாவியைத் திருப்பி எடுத்து என் மடியில் போட்ட பிறகும் எங்கள் கார் ஓடிக்கொண்டிருந்தது. நகரவில்லை. நின்ற இடத்திலேயே இன்ஜின் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் போகும் வழியில். நாங்கள் இரண்டு பேரும் மீன் வாங்கப் போயிருந்தோம்.

பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை தெருவையே மறைத்தது. மீன் கூடையோடு வந்த ஒரு பெண் இன்னொருத்தியிடம், "கொசு மருந்து வண்டி வந்துகீதுடி, மூக்கை மூடு" என்றாள். வலையை உதறிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து கண்ணாடியில் தட்டினார். "எறங்குமா! வெடிக்கப் போவுது!"

நான் இறங்கவில்லை. மகள் இறங்காமல் நான் எப்படி இறங்குவது? அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஐந்தாவது கியரைப் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டாள். கார் ஒரு முறை குலுங்கி அடங்கியது. இது எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "கத்துக்கிட்டப்போ தினமும் அப்படித்தானேம்மா ஆஃப் பண்ணிட்டிருந்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து மிக்சியை நிறுத்தினாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நகர்கிறேன். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவளுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. செங்கல்பட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குச் சரியான பஸ் கிடையாது. அதற்காக வாங்கிய பழைய டீசல் கார் அது, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ வைத்தது. காரை ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவர், "டர்போ அவுட்டு" என்று வழியெல்லாம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். காரை விற்றுவிடலாம். வேலையையும் விட்டுவிடலாம், உள்ளூரில் ஏதாவது பார்க்கலாம்.

"டர்போதானான்னு முதல்ல பார்க்கட்டும்" என்றாள் மகள். மறுநாள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். நான் பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பைபாஸ் பக்கம் இருக்கும் ஒர்க்ஷாப்பில் போய் உட்கார்ந்தேன்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. நாஸ்தாவை முடித்துக் கை கழுவிவிட்டு, டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுப் போகும் தடித்த குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஆயில் கொட்டியது.

"அப்போ டர்போதானே?" என்றேன். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"இருமா, அவசரப்படாத." டர்போவின் வாயில் விரலை விட்டு, உள்ளே இருந்த சின்ன விசிறியைப் பிடித்து ஆட்டினார். "ஆடுதா? ஆடல. உரசுதா? உரசல. டர்போ நல்லா கீது. ஆயில் வேற எங்கேருந்தோ வந்துகினு கீது."

காருக்கு அடியில் படுத்து, ஆயில் வடிக்கும் போல்ட்டைத் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒரு சொட்டு. "இது வாசரு. சர்வீஸ்ல பழசையே போட்டு வுட்டானுங்க. மாசத்துக்கு ஒரு ஸ்பூன் போனாலே ஜாஸ்தி. இதுக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்ல."

அந்தச் சொட்டை எனக்கு ஆடி மாதத்திலிருந்தே தெரியும். வீட்டு வாசலில் காருக்கு அடியில் கறுப்பாக இருந்தது. இன்ஜினில் ஆயில் தீர்ந்தால் என்ன ஆகும் என்று போனில் ஒரு வீடியோவும் பார்த்திருந்தேன்.

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அதில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அவர் ஆயிலை முழுக்க வடித்து அளந்தார். நாலரை லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் ஆறரை லிட்டர் இருந்தது.

"இன்னாமா இது, வண்டியா, எண்ணெக் கடையா? இவ்ளோ ஊத்தினா உள்ள அடிச்சு நொரையாவும். நொரை காத்துக் கொழாய்க்குள்ள போவும். டீசல் வண்டிக்கு டீசலும் ஒண்ணுதான், ஆயிலும் ஒண்ணுதான். அதையே தின்னுட்டு ஓடும். சாவியை எடுத்தா நிக்குமா? வண்டி வூட்ல எங்க நிக்கும்?"

சொன்னேன். மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்ததால் வாசல் சாய்தளத்தை இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தோம். கார் அதில்தான் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"அதான். அப்படி நிக்கசொல்ல ஆயில் பின்னாடி ஓடிடும், குச்சி கம்மியாத்தான் காட்டும். யாரு ஊத்தினது, பொண்ணா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சமதரையில வெச்சுப் பாக்கச் சொல்லு."

"சொல்றேன்."

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் செய்முறை வகுப்பில் நான் சொல்வது, சமமான மேசையில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும் என்பதுதான். மகள் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனதும் பானெட்டைத் திறந்து, சாய்தளத்தில் நின்றபடி, எவர்சில்வர் டம்ளரில் கால்வாசி ஊற்றிக்கொண்டிருந்தது நான். ஆயுத பூஜைக்கு, இதற்கென்று வாங்கி வைத்திருந்த ஆயில் கேனுக்கும் பொட்டு வைத்திருந்தேன்.

அன்று இரவு எட்டு மணிக்கு அவள் பஸ்ஸில் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சொல்லு. விக்கணுமா?"

சர்வீஸ் பண்ணினவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று சாயந்திரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வாசர் விஷயத்தில் அவன் தப்பும் இருந்தது. ஆனால் அவள் கால் வீங்கியிருந்தது.

"டர்போ நல்லா இருக்கு. ஆயில் அதிகமாயிடுச்சு. நான்தான் ஊத்தினேன்."

"எத்தனை நாளா?"

"ஆடியிலிருந்து. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. நீ லேட்டா வந்த அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கூட."

"அன்னிக்கு வண்டி நிக்காம போயிருந்தா?"

"தெரியும்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "கொசு மருந்து வண்டிக்கு நான் டிரைவர். மருந்து ஊத்தினது நீ" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் என்னோடு பேசவில்லை. விற்பதைப் பற்றி நானும் பேசவில்லை.

காற்றுக் குழாய்களையெல்லாம் கழுவி, புது வாசர் போட்டு, அளவாக ஆயில் ஊற்றி, புதன்கிழமை கார் வந்தது. வியாழக்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து வந்து, சாய்தளத்தில் ஏற்றாமல் தெருவிலேயே சமமான இடத்தில் காரை நிறுத்தினாள். ஆயில் கேனை எடுத்துப் போய் அவளுடைய பீரோவில் வைத்துப் பூட்டினாள். பானெட்டைத் தூக்கிவிட்டாள்.

"பத்து நிமிஷம் ஆகட்டும், ஆயில் கீழ இறங்கணும். அப்புறம் பாரு."

கையில் துணியோடு பத்து நிமிஷம் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். குச்சி ஆடாமல் இருக்க அவள் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். நடுவில்தான். மூன்றாவது முறை பார்க்க அவள் விடவில்லை.