மூன்றாம் லயத்துக்கு மேலே புதைத்த சென்சர்

திலக்ஷனுக்கு இரண்டு முதலாளிகள். பாதிச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, மீதி ஒரு கொழும்புக் கம்பெனியிலிருந்து. ஆய்வுகூடத்தில் உருவாகும் குறைகடத்திச் சென்சரை, மண்ணுக்குள் கிடந்து வேலை செய்யும் சாமானாக ஆக்கிக் கொடுப்பதுதான் பொறியியலாளரான அவன் பொறுப்பு. பேராசிரியர் அவசரப்படாதே என்பார், கம்பெனி மனேஜர் இன்னும் முடியவில்லையா என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசை வீடாகக் கட்டிய ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் அவனும் நானும். அவனைப் பற்றி எழுதும்போது எனக்கு அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது.

சென்சரின் சில்லு உளுந்தளவுதான். மண்ணில் ஊறும் தண்ணீரின் அழுத்தத்தை அது அளக்கும். குறித்த எல்லையை அழுத்தம் தாண்டினால் கோயில் கூரையில் கட்டிய சைரன் ஊதும். மலை சரியுமுன் சனம் தப்பியோட அவகாசம் கிடைக்கும். முதல் பரிசோதனையை எங்கள் தோட்டத்திலேயே செய்ய வேண்டுமென்று அடம்பிடித்து அனுமதி வாங்கினான். மூன்றாம் லயத்துக்கு மேலே சரிவில் குழி வெட்டிச் சென்சரைப் புதைத்து மூடினான்.

கிளறிய மண்ணை எங்கள் சனம் சும்மா விடுமா? லயத்துக்குப் பின்னால் கையளவு இடம் கிடைத்தாலும் பாத்தி போட்டுவிடுவோம். அடுத்த வாரமே மூன்றாம் லயத்து நாகலெட்சுமி அக்கா அந்த இடத்தில் லீக்ஸ் நட்டார். கொழுந்து பறித்துவிட்டு வந்து தினமும் நாலு வாளி தண்ணீர் ஊற்றினார்.

சைரன் ஊதத் தொடங்கியது. முதல் தடவை எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். இரண்டாம் தடவை பாதிப் பேர்தான் ஓடினார்கள். மூன்றாம் தடவை யாரும் அசையவில்லை.

"புலி வருது கதையாப் போச்சு தம்பி ஒன் சைரன்," என்று அக்காவின் பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா கேலி செய்தார்.

இன்னொரு தடவை பொய்யாக ஊதினால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்றார் மனேஜர். காரணம் தெரியாமல் எல்லையில் கை வைக்காதே என்றார் பேராசிரியர்.

திலக்ஷன் வந்து பார்த்தான். பாத்தியைக் கண்டதுமே காரணம் விளங்கிவிட்டது. அதற்குள் அக்கா ஒரு கட்டு லீக்ஸைப் பிடுங்கி அவன் கையில் திணித்தார்.

"போர்டிங்ல என்னத்தத் திங்கிறியோ, கொண்டு போ தம்பி."

அவன் உயர்தரப் பரீட்சை எழுதிய நாட்களில் அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஒரு மாதமும் சோறு போட்டது இந்த அக்காதான். பாத்தியை எடுங்கள் என்று அவரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சென்சரை வேறிடத்தில் புதைத்து மறுபடி அளவு பார்ப்பதற்கும் கம்பெனி நாள் தரவில்லை. திரும்பிப் போய்க் கணினியில் எல்லையைக் கூட்டிவிட்டான். பேராசிரியரிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டு மாதம் சைரன் ஊதவில்லை. கம்பெனிக்குப் பரம சந்தோஷம்.

கார்த்திகை அடைமழையில் மூன்று நாளாக, ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு இல்லை. வேலைக்குப் போகாமல் எல்லோரும் காம்பராவுக்குள்ளேயே இருந்தார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சைரன் ஊதியபோது மண் மூன்றாம் லயத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. நாகலெட்சுமி அக்காவையும் பேச்சியம்மாவையும் மறுநாள்தான் எடுத்தோம். பழைய எல்லையே இருந்திருந்தால் நாற்பது நிமிடம் முன்னதாக ஊதியிருக்கும். பதிவான அளவுகளை வைத்து அந்தக் கணக்கைப் போட்டவனும் அவனேதான்.

சென்சரில் குறையில்லை, குடியிருப்பாளர் ஒருவர் அதன்மேல் பயிரிட்டதே காரணம் என்று கம்பெனி அறிக்கை எழுதிக் கையெழுத்துக் கேட்டது. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறாள்! திலக்ஷன் கையெழுத்துப் போடவில்லை. எல்லையைக் கூட்டியது நான் என்று எழுதி இரண்டு இடத்துக்கும் அனுப்பினான். இரண்டு இடமும் அவனைக் கைகழுவின.

கருமாதி முடிந்த மறுநாள், சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அக்காவின் புருஷன் செல்லசாமி அண்ணன் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்று ஒன்றும் மறைக்காமல் சொன்னான். அடி வாங்கத் தயாராகத்தான் போயிருந்தான்.

"பாத்திய எடுக்கச் சொல்ல மனசு வரல அண்ணே."

செல்லசாமி அண்ணன் வாங்கில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

"ரெண்டு வரிசை லீக்ஸுதானே தம்பி. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே புடுங்கிப் போட்டிருப்பாளே."