கேட் சமோசா

தன் கடைக்குத் தானே ஆப்பு வைக்க ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிய வியாபாரி எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அத்தாவின் அண்ணன், எங்களுக்குப் பெரியத்தா.

தாம்பரம் தாண்டி ஒரு ரயில்வே கேட்டை ஒட்டி அவரும் அத்தாவும் சமோசாக் கடை வைத்திருந்தார்கள். கேட் மணி அடித்ததும் சமோசா எண்ணெயில் இறங்கும். மின்சார ரயில் என்றால் ஒரு ஈடு, கூட்ஸ் என்றால் இரண்டு. கேட் மூடியிருக்கும்வரை வியாபாரம், திறந்தால் ஈ. அடுத்தவர் நேரம் வீணாவதில்தான் என் இங்கிலீஷ் மீடியம் படிப்பு நடந்தது.

அந்தக் கேட்டுக்குப் பதில் பாலம் வேண்டும் என்று மனுவோடு அலைந்தார் பெரியத்தா. காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"பாலம் வந்துட்டா உன் சமோசாவ யாரு பாய் துன்னுவா?"

"இப்ப நீ துன்னுட்டு கெளம்புண்ணா. கேட்டு தொறந்துட்டான் பாரு."

"அண்ணனுக்கு மூளை கலங்கிடுச்சு" என்பார் அத்தா. அந்தப் பேச்சு வந்தாலே பெரியம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

நான் பிறக்குமுன், பிரசவ வலியோடு பெரியம்மாவை ஏற்றிவந்த ஆட்டோ அந்தக் கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்காக நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பினார். அம்மா சொல்லி எனக்குத் தெரியும். வரலாற்றுப் பாடம் தெரிந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

பாலம் வந்தது. கேட்டை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். ரயில்கள் மட்டும் வழக்கம்போல ஓடின. ரயில் கூவியதும் பெரியத்தாவின் கை தானாகச் சமோசாவை எண்ணெயில் விடும். வாங்க ஆளில்லாததால் நாங்கள் தின்றோம். பாலத்தின் புண்ணியத்தில் தினமும் ஓசிச் சமோசா என்று பள்ளிக்கூடத்தில் அளந்தேன். அதற்குள் பெரியம்மாவின் கைகளில் வளையல் இல்லை. அத்தா குன்றத்தூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், அண்ணனோடு பேசுவதில்லை.

பாலத்தின் மேல் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் பெரியத்தா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வருவார். சத்தம் அந்தப் பக்கம் இறங்கித் தேயும்வரை அண்ணாந்து நிற்பார். உள்ளே சமோசா கருகும். ஒரு வண்டிகூட நிற்காமல் போகிறதே என்று மனிதர் நொந்து நிற்கிறார் என நினைத்து, அவருக்காக நான் ரொம்ப வருத்தப்பட்டேன்.