தம்பி காலி செய்த டைரி

ஈஜிபுராவில் எங்கள் வீட்டு ஓனரம்மா தினமும் படிக்கட்டில் என்னைக் கண்டதும் "ஊட்டா ஆய்த்தா?" என்பார். சாப்பிட்டிருக்காவிட்டாலும் "ஆய்த்தும்மா" என்பேன். அதற்குமேல் பேச எங்களிடம் ஒன்றும் கிடையாது. சாப்பிடாமல் அப்படிச் சொன்ன நாட்களைக்கூட டைரியில் குறித்திருந்தேன். பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகள், ஒரு நாள் விடாமல் எழுதியது. இன்று அதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

வந்த புதிதில் சிவாஜிநகர் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். கம்ப்யூட்டர் வாங்கியதும் அத்தனையும் தட்டச்சு செய்து, வரிக்கு வரி சரிபார்த்து, நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டேன். பிறகு இணையத்தில் ஒரு சர்வரில் இடம் எடுத்து, என் டைரி ஃபோல்டரும் திருப்பத்தூரில் இருக்கும் தம்பி முருகனின் கம்ப்யூட்டரும் அதன் வழியாக எப்போதும் ஒன்றுபோல் இருக்கும்படி அமைத்தேன். இங்கே எழுதியது சற்று நேரத்தில் அங்கே போய்விடும். நான் இங்கே எப்படி வாழ்கிறேன் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் அழிப்பதை மறுபக்கமும் அழிக்கட்டுமா என்று புரோகிராம் கேட்டது. ஆம் என்றேன். அழித்ததைச் சில நாள் தனியே வைத்திருக்கட்டுமா என்றது. குப்பை சேரும், வேண்டாம் என்றேன்.

சென்ற ஞாயிறு காலை ஃபோல்டரைத் திறந்தால் காலி. முருகனுக்குப் போன் செய்தேன்.

"ஆமாண்ணா, நான்தான் எடுத்தேன். எம்பொண்ணு சீமந்த வீடியோ ஏத்த எடமே இல்ல. ஒங்கிட்டதான் அங்க இருக்குதே."

"இங்கயும் போயிடுச்சிடா."

"அதெப்படிண்ணா? நான் எங்கூட்டு கம்ப்யூட்டர்லதான அழிச்சேன்?"

"ஒரு நாளாவது தொறந்து படிச்சியா?"

"நல்லா கேட்ட போ. சின்ன வயசுல ஒன் டைரிய தொட்டதுக்கு முதுகுல ரெண்டு வெச்சியே, மறந்துட்டியா? அப்புறம் எவன் தொடுவான்?"

வைத்தது நினைவிருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் அது. இந்த டைரியைப் படி என்று நான் அவனிடம் ஒருமுறையும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் சர்வரைக் கவனிக்கும் மஞ்சுநாத்திடம் போனேன். மைசூர்க்காரர், என்னோடு தமிழில் பேச முயல்பவர். "பதினெட்டு வருஷம் போயிடுச்சு, திரும்ப எடுக்க முடியுமா?" என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கஸ்டமர் டேட்டாவா சார்?"

"இல்ல, என் டைரி."

"அய்யோ, பயமா ஆச்சு சார்! நம்ம ஆபீஸ்து இல்லதானே? ஹோகலி பிடி சார்."

போகட்டும் விடுங்கள் என்று சிரித்தபடியே உட்கார்ந்துகொண்டார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு மரியாதைக்கு ஒரு மணி நேரம் தேடிப் பார்த்தார். நான் இடம் எடுத்திருந்த சர்வரில் எதுவும் மிஞ்சவில்லை. நான் சொன்னபடி அது சுத்தமாக இருந்தது.

நேற்று புரோகிராமை மறுபடி நிறுவினேன். இரண்டு கம்ப்யூட்டர்களில் எது மூலம், எது நகல் என்று அது கேட்கிறது. முருகனுடையதற்கு 'வீடு' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நான் வாழும் இடத்தில் இருப்பதற்கு 'ஈஜிபுரா'. இரண்டும் காலி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றது அதைப்போலவே ஆகிவிடும். பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியைத் திரையில் அப்படியே வைத்திருக்கிறேன்.