பத்துக்கு எவ்ளோ வலி?

பூந்தமல்லி பக்கம், குழந்தை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்ல, கருமுட்டை எடுத்து முடிச்ச பொண்ணுங்க பக்கத்துல இருந்து வலி பார்க்கிறது என் வேலை. ஊசி போடுறது சுலபம், உண்மையை வாங்குறதுதான் பெரும்பாடு. இதே வேலையில இருக்கிற நர்சம்மாக்களே, நீங்களும் பட்டிருப்பீங்க. வேப்பம்பட்டு தேவி என்னைப் படுத்தினதைக் கேளுங்க.

மாமியார் முன்னாடி

மயக்கம் தெளிஞ்சதும், "பத்துக்கு எவ்ளோ வலி?"ன்னு கேட்டேன். தேவி மாமியார் மூஞ்சியைப் பார்த்துட்டு, "ரெண்டு"ன்னா. கை பெட்ஷீட்டைக் கசக்கிக்கிட்டு இருந்துச்சு. மாமியார் விடுவாங்களா? "இன்னா பெரிய வலி? நான் நாலு பெத்தேன், ஒரு மாத்திரை தொட்டதில்ல!"

"இளநீர் வாங்கிட்டு வாங்கம்மா"ன்னு அவங்களைக் கீழ அனுப்பிட்டு, கதவைச் சாத்தித் திரும்பக் கேட்டேன்.

"ஏழு, சிஸ்டர். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

போன்ல புருஷன்

மறுநாள் போன் பண்ணி விசாரிக்கிறது எங்க வழக்கம். எடுத்தது புருஷன். வலி? இல்ல. வாந்தி? இல்ல. வயிறு உப்பல்? இல்லவே இல்ல. இவரு வயித்துலதான் ஊசி குத்துன மாதிரி பதில்! போனை தேவிகிட்ட குடுக்கச் சொன்னேன். அவளும் "ஒண்ணுமில்ல சிஸ்டர்"னா, ஆனா மூச்சு வாங்குது. கனம் தூக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருந்தோம். திரும்பப் போனை வாங்கின புருஷன்கிட்ட, "என்ன வேலை செய்யுறாங்க?"ன்னேன்.

"மாடிக்குத் தண்ணிக் குடம் தூக்கினு வந்தா, அவ்ளோதான். நல்லாத்தான் கீறா!"

பாவாடை நாடா

உடனே கூட்டிட்டு வாங்கன்னு ஒரு அதட்டு போட்டேன். வந்தா, வயிறு உப்பிப் பாவாடை நாடாவையே கட்ட முடியல. காலையிலேர்ந்து ஒண்ணுக்கும் சரியாப் போகலையாம். முட்டை நிறைய வந்தவங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும், கவனிக்காம விட்டா உயிருக்கே வினை. டாக்டரம்மா அப்பவே அட்மிட் பண்ணிட்டாங்க.

"ஏம்மா மறைச்ச?"ன்னு கத்திட்டேன். கோபம் இல்ல, பயம். தேவி அழுதா. இந்த வைத்தியம் அவளுக்கு இது மூணாவது தடவை. உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா, எடுத்த முட்டையில லேப்ல உருவாக்குற கருவை கர்ப்பப்பை உள்ள வைக்க மாட்டாங்க, எல்லாம் வீணாப் போயிடும்னு நினைச்சிருக்கா. கருவைப் பத்திரமா உறைய வெச்சிடலாம், உடம்பு தேறினப்புறம் உள்ள வைக்கலாம்னு சொன்னேன். நம்பாத மாதிரி என்னையே பார்த்தா.

"அப்ப வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாமா, சிஸ்டர்?"

வலியைத் தாங்கிக்கச் சொல்லிக்குடுக்க வீட்டுக்கு வீடு ஆள் இருக்கு, அதை வாயைத் திறந்து சொல்ல வைக்கத்தான் சம்பளம் குடுத்து ஒரு நர்ஸ் வேண்டியிருக்கு.