புல் குடித்த கிணறு

வெயில் கொளுத்துகிற ஊரில் தோட்டம் போடுவது எப்படி என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். முதலில் தோட்டப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். கூடவே புருஷனையும் ஏற்றிவிட முடிந்தால் இன்னும் விசேஷம்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சர்க்கார் கைமாறிய மறு வருஷம் அவருடைய மேலதிகாரியான வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். போகிறவர் ஒரு மேஜையோ நாற்காலியோ கொடுத்திருந்தால் வீட்டுக்கு ஆகியிருக்கும். சில ரோஜாத் தொட்டிகளையும் ஒரு தோட்டப் புத்தகத்தையும் கொடுத்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "முசியே என்னை நம்பி உட்டுட்டுப் போயிருக்காரு" என்று முதலியார்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கு முன் எங்கள் கொல்லையில் ஒரு குறையும் இல்லை. துவைக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீரில் வாழை இருந்தது, அதன் காலடியில் சேம்பு. வேலியோரம் முருங்கை. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் கூடையைக் கழுவி ஊற்றுவதைக் குடித்தே தென்னை காய்த்தது. எதற்கும் தனியாக ஒரு வாளி இறைத்ததில்லை. இதெல்லாம் தோட்டமே இல்லையாம், குப்பையாம்.

"ழார்தேன்னா எப்பிடி இருக்கணும்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். பிரெஞ்சில் தோட்டத்துக்கு அப்படிப் பேராம்.

எனக்குத் தெரியாதுதான். நாளைக் குழம்புக்குக் காய் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

வாழையையும் முருங்கையையும் வெட்டினார். அந்த இடத்தில் புல்லை விரித்து அதைப் பெலூஸ் என்றார். மாடு மேயக் கூடாத, மனுஷர் மிதிக்கக் கூடாத, துணி உலர்த்தக் கூடாத புல். அப்படி ஒரு வஸ்து எதற்கு என்று கேட்டால், பார்ப்பதற்காம். நானும் பார்த்தேன். புல்லாகத்தான் தெரிந்தது.

மார்ச் மாதம் பனி விலகிவிடும், மண்ணைக் கிளறி விதைகளைப் போடலாம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. எங்களுக்கு மார்ச் என்றால் பங்குனி. எந்தப் பனி விலகுவதற்கு இவர் காத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சுற்றுவட்டாரத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஆடியில் விதைப்பார்கள், மழை பிடித்த பிறகு கன்று நடுவார்கள். பங்குனியில் புதிதாக எதையும் தொடமாட்டார்கள். இருக்கிற செடியின் வேரைச் சருகாலும் தென்னை மட்டையாலும் மூடி, வெயில் தாழ்ந்ததும் அடியில் தண்ணீர் விட்டு, அதை உயிரோடு வைகாசி தாண்ட வைத்தால் போதும். இவர் அழகு கெடுகிறதென்று சருகையெல்லாம் பெருக்கித் தள்ளினார். உச்சிவெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு பூவாளியால் இலைமேல் தெளித்தார். இலை வெந்தது.

இதுவரை நடந்ததற்குச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கிணற்றில் கை வைத்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் மற்ற கிணறுகளெல்லாம் உப்பு. எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். காலையிலும் மாலையிலும் தெருப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். எனக்கு நகை கிடையாது, பட்டு கிடையாது. 'அக்கா வீட்டுத் தண்ணி' என்று தெருவில் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்கு அவ்வளவு பெருமை.

கடலோரத்துக் கிணற்றை ஒட்ட இறைக்கக் கூடாது. இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். குடம் எடுக்கிற குழந்தைக்குக்கூட எங்கள் பக்கத்தில் இது தெரியும். புல்லுக்குத் தண்ணீர் போதவில்லை என்று இவர் கரண்டு மோட்டார் வாங்கி வந்த அன்றைக்கே சொன்னேன்.

"வேணாங்க. கெணறு கெட்டுடும்."

"புத்தகத்துல அப்பிடி ஒண்ணும் போடல."

கடலைப் பார்க்காத ஊரில் எழுதிய புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கும்? சித்திரை முழுக்க மோட்டார் ஓடியது. அடிமணல் தெரிகிறவரை ஓடியது. அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை நிரப்பிவிட்டு வழக்கம்போல ஒரு கை அள்ளிக் குடித்தாள். முகம் கோணிற்று. குடத்தைத் துவைக்கிற கல்லடியில் கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தோடு போனாள். சாயங்காலம் யாரும் வரவில்லை.

அந்த உப்பைப் புல்லும் தாங்கவில்லை, ரோஜாவும் தாங்கவில்லை. எல்லாம் கருகின. மண் சரியில்லை என்று இவர் தீர்ப்புச் சொன்னார். ஐப்பசி மழையில் கிணறு ததும்பியது, ஆனால் பழைய ருசி திரும்பவில்லை. மோட்டாருக்கு எண்ணெய் போட்டு, கோணி சுற்றி, பத்திரமாக எடுத்து வைத்தார். அடுத்த மார்ச்சில் வேண்டியிருக்குமாம்.

புல் கருகின அந்த வாரமே, உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் இரண்டு நாள் பார்த்துவிட்டு, நானும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டில் நல்ல கிணறு இருந்தது. என் கிணற்றில் இறைத்தவர்களெல்லாம் அங்கே வரிசையில் நின்றார்கள். யாரும் என்னை முன்னால் போகச் சொல்லவில்லை. நான் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் அந்த வீட்டுக்காரி கயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"குடிக்கத்தானேம்மா? புல்லுக்கு இல்லையே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் கிணற்றடியில் நான் எவளையும் எதற்கென்று கேட்டதில்லை. அவள் கையை எடுக்கவில்லை.

"குடிக்கத்தான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் கயிற்றை வாங்கினேன்.