தாமதித்து வெடித்த துவக்கு

ஐயா, வெருகல் கோயில் திருவிழா வாணவெடியில் இன்று வெடிமருந்து மணத்தபோது, கிளிவெட்டியில் என் தந்தையார் மான் வேட்டைக்குத் துவக்குத் தெரிந்தெடுத்த காலைப்பொழுது நினைவில் எழுந்தது.

தாய்மாமன் கொண்டுவந்த புதுத் துவக்கின் ஒற்றைக் குண்டு, பாலை மரத்தில் இட்ட சுண்ணாம்புப் புள்ளியை நேரே துளைத்தது. எங்கள் பழைய துவக்கோ நான்கு விரல் விலகியே அடிக்கும்.

"பார்த்தியளே அத்தான்? உங்கட கிழவியைக் குசினியில அடுப்புக்குப் பக்கத்தில வையுங்கோ" என்று எங்கள் பழைய துவக்கைக் காட்டி மாமா சிரித்தார்.

மறுமுறை விசையை இழுத்தார், வெடிக்கவில்லை. தோட்டாவை எடுக்கத் துவக்கைத் திறக்கப் போனார்.

"திறக்காதை! மரத்துக்கே பிடி!" என்று தந்தையார் கத்தினார்.

மாமா துவக்கை மரத்துக்கே பிடித்தபடி நின்றார். திடீரென அது வெடித்து மரப்பட்டை சிதறியது. திறந்திருந்தால் மாமாவின் முகமே போயிருக்கும்.

தந்தையார் பழையதை எடுத்தார். "இது எவ்வளவு விலகுமெண்டு எனக்குத் தெரியும், மச்சான். அது எப்ப வெடிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் எழுதிய இந்த நினைவைத் தயவுசெய்து பேணி வையுங்கள்.